மனுவின் அடியில் ஒன்பது கறைகள்

சேவூர்
4-8-2024

ஆரணி நகர வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் ஐயா சிவப்பிரகாசம் அவர்களுக்கு,

சேவூர் காளியம்மன் கோயில் தெருவிலிருந்து அபிதகுசாம்பாள் எழுதுவது. வயது எழுபத்தொன்று. போன வியாழக்கிழமை உங்கள் கழகத்தின் மாடிக்கு வந்து, கண்ணாடிப் பெட்டியில் கை வைக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லக் கேட்டவள் நான்தான். உங்கள் ஊழியர் அருள்தாஸ், "ஆயா, சும்மா தொட்டுகினே நின்னா எப்டி? பின்னால ஆளுங்க நிக்கறாங்க பாரு" என்றார். பின்னால் ஒருவரும் இல்லை. மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

நீங்கள் வெளியே வந்து, எதுவானாலும் எழுத்து மூலமாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். இவளுக்கு எங்கே எழுத வரப்போகிறது என்று நினைத்துச் சொல்லியிருந்தால் அது உங்கள் தப்புக் கணக்கு. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் நான்தான் எழுதித் தருகிறேன்.

விஷயம் இதுதான். அந்தப் பெட்டியில் 1959ஆம் வருஷத்து மனு ஒன்று இருக்கிறது. எங்கள் தெருவில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமென்று கல்வி அதிகாரிக்குக் கொடுத்தது. அதன் கீழே ஒரு அட்டை வைத்திருக்கிறீர்கள். "பதினான்கு பெரியோர்கள் கையெழுத்திட்டு அளித்த மனு. அடிப்பகுதியில் ஒன்பது மைக்கறைகள். சேதமுற்றது." நான் இரண்டு தடவை படித்துத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அது மைக்கறை இல்லை ஐயா. ஒன்பது பெண்களின் கட்டைவிரல். அதில் ஒன்று என் அம்மா சின்னக்கண்ணுவுடையது.

அட்டையை மாற்றுங்கள். என் அம்மா பெயரை எழுதுங்கள். எழுத்து மூலம் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு
அபிதகுசாம்பாள்


ஆரணி நகர வரலாற்றுக் கழகம்
க. எண் 47/2024
12-8-2024

திருமதி அபிதகுசாம்பாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நன்றி.

நமது கழகம் 1987 முதல் ஆரணி நகரின் வரலாறு குறித்த ஆவணங்களைத் திரட்டிப் பாதுகாத்து வருகிறது. இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் எங்களிடம் உள்ளன. ஒவ்வொன்றின் விவரக்குறிப்பும் தகுதி பெற்ற உறுப்பினர்களால் ஆராய்ந்து எழுதப்பட்டது. குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்திகளை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் அவற்றைச் சான்றாகக் கொள்ள இயலாது.

மூல ஆவணத்தைக் கையில் எடுத்துப் பார்க்கவும் தாங்கள் கேட்டதாக ஊழியர் தெரிவித்தார். கழக விதி 9இன்படி, பட்டம் பெற்ற உறுப்பினர்கள் மட்டுமே மூல ஆவணங்களைக் கையாளலாம்.

தங்களுக்கு ஆறுதல் தரும் செய்தி ஒன்று. எங்கள் தேர்ந்தெடுத்த ஆவணங்களின் தொகுப்பு நூல் வரும் நவம்பரில் வெளியாகிறது. தாங்கள் குறிப்பிடும் மனு அதில் முழுப்பக்கப் படமாக இடம்பெறும். கறைகள் யாவும் கணினியில் நீக்கப்பட்டு, தாள் தூய்மையாகத் தெரியும். எனவே கறை பற்றிய தங்கள் வருத்தம் தானே நீங்கிவிடும்.

அன்புடன்
ர. சிவப்பிரகாசம்
மதிப்புறு செயலாளர்


சேவூர்
16-8-2024

செயலாளர் ஐயாவுக்கு,

ஆறுதல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன். அட்டையில் கறை என்று எழுதியிருந்தாலாவது ஏதோ ஒன்று அங்கே இருந்தது என்று தெரியும். துடைத்துவிட்டால் அதுவும் இல்லை. அந்தப் படத்தை அச்சுக்குப் போகவிடாதீர்கள். முதலில் அதைக் கேட்கிறேன். அம்மா பெயர் அப்புறம்.

அது ஏன் கறை மாதிரித் தெரிகிறது என்று சொல்கிறேன். நீங்கள் படித்தவர், சொன்னால் புரியும்.

தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற இழைகள், நெய்து முடிகிற சமயம், புதுப் பாவைப் பழைய பாவின் முனையோடு சேர்க்க வேண்டும். நாலாயிரம் ஐயாயிரம் இழை. ஒவ்வொன்றாக எடுத்து, சாம்பலைத் தொட்டு, பழைய இழையையும் புது இழையையும் சேர்த்து விரலால் முறுக்கிவிட வேண்டும். முடிச்சு கிடையாது, முறுக்குத்தான். பாவு பிணைப்பது என்று இதற்குப் பெயர். செய்கிறவர்கள் நாங்கள், பெண்கள். நான் பதினோரு வயதில் உட்கார்ந்தேன். பத்து வருஷம் அந்த வேலை செய்தால் போதும், விரல் வழவழவென்று கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பட்டு இழை மெல்லிசுதான். ஆனாலும் சாம்பலோடு சேர்ந்தால் அரம் மாதிரி.

ரேஷன் கடை அன்பரசுவைக் கேளுங்கள். மாசாமாசம் அந்த மெஷின் என் விரலைப் பார்த்துவிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டும். "ஆயா, உன் கையில ரேகையே இல்ல. நீ திருட்டு வேலைக்குப் போயிருந்தா எவனாலயும் புடிக்க முடியாது" என்பான். பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் சுண்டுவிரலில்தான் அரிசி வரும்.

மை தொட்டு நான் கட்டைவிரலை வைத்தால் ரேகை விழாது. கறுப்பாக ஒரு திட்டுத்தான் விழும். என் அம்மாவுக்கும் அப்படித்தான் விழுந்தது. உங்கள் தகுதி பெற்ற உறுப்பினர்களில் பாவு பிணைத்தவர்கள் யாரும் இல்லைபோல.

அபிதகுசாம்பாள்


ஆரணி நகர வரலாற்றுக் கழகம்
க. எண் 52/2024
2-9-2024

திருமதி அபிதகுசாம்பாள் அவர்களுக்கு,

தங்கள் இரண்டாம் கடிதத்தை ஆட்சிக்குழுவில் வாசித்தேன். கருத்து சுவையானது என்று உறுப்பினர்கள் கூறினர். எனினும் மூன்று தடைகள் உள்ளன.

ஆவணங்களில் வைக்கப்படுவது இடது கைப் பெருவிரல். முறுக்கும் வேலை வலது கையுடையது என்று நினைக்கிறேன். அப்படியானால் இடது விரலின் ரேகை ஏன் அழிய வேண்டும்? அடுத்து, கைநாட்டு வைத்தால் அதன் பக்கத்தில் இன்னாருடைய ரேகை என்று எழுத்தர் பெயர் எழுதுவது அக்கால வழக்கம். இந்த மனுவில் ஒரு பெயரும் எழுதப்படவில்லை. கடைசியாக, மனு கொடுத்தவர்களில் பெண்களும் உண்டு என்ற பேச்சே வாசகத்தில் இல்லை. "தெருவார் விண்ணப்பம்" என்றுதான் இருக்கிறது. பக்கத்தில் இருந்த மைப்புட்டி சிந்தியிருக்கலாம் என்பதே எங்கள் முடிவு.

தங்கள் தாயார் மீது தாங்கள் வைத்திருக்கும் அன்பைப் புரிந்துகொள்கிறேன். வரலாறு அன்பினால் எழுதப்படுவதில்லை.

ர. சிவப்பிரகாசம்


சேவூர்
9-9-2024

செயலாளர் ஐயாவுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் பாருங்கள். எங்கள் தெருவில் இன்றைக்கும் பாவு பிணைக்கிறவர்களில் ஏழு பேர் என் வீட்டு வாசலில் வைத்த இடது கட்டைவிரல். ஸ்டாம்பு மை. முப்பத்துநாலு வயது தீபாவிலிருந்து என் வயதுவரை இருக்கிறார்கள். எட்டாவதாகத் தனியே ஒன்று இருக்கிறது பாருங்கள், வரிவரியாக, அழகாக. அது தபால்காரருடையது. வித்தியாசம் தெரியட்டும் என்று கேட்டு வாங்கினேன். "நான் எதுக்குங்கம்மா கைநாட்டு வெக்கணும், நான் பி.காம்" என்று கொஞ்சம் கோபித்துக்கொண்டார்.

இடது கை ஏன் என்று கேட்டீர்கள். வலது விரல் முறுக்கும். முறுக்கின இழை இடது கட்டைவிரல் மேல்தான் உருளும். இரண்டும் தேயும்.

மை சிந்தியது என்கிறீர்கள். சிந்துகிற மை ஒன்பது இடத்தில், ஒரே அளவில், வரிசை கட்டியா சிந்தும்?

பெயர் ஏன் எழுதவில்லை என்பதற்குப் பதில் இருக்கிறது. அம்மா எனக்கு ஒரு தடவை இல்லை, நூறு தடவை சொன்னது.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் என்றால் டவுனுக்குப் போக வேண்டும். ஆண் பிள்ளைகள் போனார்கள், நாங்கள் போகவில்லை. பாவு பிணைக்கிற ஒன்பது பேர் சேர்ந்து, தெருவிலேயே பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கேட்டு எழுதுங்கள் என்று தறிக்காரர்களிடம் போய் நின்றார்கள். அவர்கள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து ஒன்பது பேரும் பிணைக்க உட்காரவில்லை. பிணைக்காவிட்டால் புதுப் பாவு ஏறாது. ஏறாவிட்டால் தறி நிற்கும். இருபத்தொரு நாள். அதற்கப்புறம்தான் பதினான்கு பெரியோர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

கையெழுத்துப் போட்ட அன்றைக்கு, நாங்களும் வைப்போம் என்று பெண்கள் போயிருக்கிறார்கள். பெரிய தறிக்காரர் ரங்கசாமி, "கையெழுத்து தெரியாதவங்களுக்கு இதுல இன்னாமே வேல?" என்றாராம். அதற்குக் காத்தாயி என்பவள், "அது தெரியாம போனதாலதான் இஸ்கூலு கேட்டுகினு இருக்கோம்" என்றாளாம். அவர் பேனாவை மூடிவிட்டார். பெயர் எழுதித்தர மாட்டேன் என்றார். இவர்கள் மைப்புட்டியைத் தரையில் வைத்து, விரலை விட்டு, அவர் கண்ணெதிரே ஒவ்வொருத்தியாக வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். மறுநாள் பிணைக்க உட்கார்ந்தார்கள்.

உங்கள் பெயருக்கு முன்னால் "ர" என்று போடுகிறீர்கள். அந்த மனுவில் கடைசிக் கையெழுத்து ரங்கசாமியுடையது. அவர் உங்கள் அப்பாதான் என்று தெரு முழுக்கத் தெரியும். எனக்குத் தெரிந்தும் இதுவரை எழுதவில்லை. நீங்கள் அன்பைப் பற்றி எழுதியதால் எழுதுகிறேன்.

அபிதகுசாம்பாள்


ஆரணி
14-9-2024

அம்மையாருக்கு,

என் தந்தை பெண் கல்விக்காக உழைத்தவர் என்பது இந்த ஊர் அறிந்தது. வரவிருக்கும் நூலின் நாற்பதாம் பக்கத்தில் அவருடைய படமும், எதிரே நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அந்த மனுவும் இடம்பெறுகின்றன. இறந்துபோனவர் பதில் சொல்ல முடியாது என்பதால் எதையும் எழுதிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

தாங்கள் அனுப்பிய தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதப் போக்குவரத்து இத்துடன் முடிவடைகிறது.

ர. சிவப்பிரகாசம்


சேவூர்
18-9-2024

செயலாளர் ஐயாவுக்கு,

முடிவடையவில்லை.

இறந்துபோனவர் பதில் சொல்ல முடியாது என்கிறீர்கள். உங்கள் அப்பாவுக்காகப் பதில் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள், கழகம் இருக்கிறது, லெட்டர் பேடு இருக்கிறது. அந்த ஒன்பது பேரும் இறந்துபோனவர்கள்தான். அவர்களுக்கு அந்தத் தாளின் அடிப்பகுதி மட்டும்தான் இருக்கிறது. அதையும் கணினியில் துடைக்கிறீர்கள்.

உங்கள் அப்பாவை நான் கெட்டவர் என்று எழுதவில்லை. கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடம் வந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து படித்தவள் நான். போட்டது அவர், போடவைத்தது யார் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மாவைத் தெய்வமாக்கி எழுதுகிறாள் என்று உங்கள் குழுவில் பேசியிருப்பார்கள். ஐந்தாவதோடு என்னை நிறுத்தி, சாம்பல் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார வைத்ததும் அதே அம்மாதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதுதான் இருந்தது. நான் மூன்று நாள் அழுதேன். "அஞ்சாவது வரைக்கும் நான் கேட்டு வாங்கினேன். ஆறாவது வேணும்னா உன் பொண்ணுக்கு நீ கேட்டு வாங்கு" என்றாள். வாங்கினேன். என் பெண் பன்னிரண்டாவது முடித்தாள். பேத்தி பவித்ரா இன்ஜினியர்.

நீங்கள் திருப்பி அனுப்பிய தாளை மறுபடி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

அபிதகுசாம்பாள்


ஆரணி
20-10-2024

அபிதகுசாம்பாள் அம்மா அவர்களுக்கு,

இது கழகத்தின் தாளில் எழுதப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எண்ணும் போடவில்லை.

தாமதத்துக்குக் காரணம் சொல்கிறேன். பதிவுத் தபாலை வாங்கிப் பத்து நாள் பிரிக்காமல் மேசையில் வைத்திருந்தேன். பிரித்த பிறகு, அருள்தாஸை அழைத்துப் பெட்டியைத் திறந்து, மனுவை வெளியே எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முப்பது வருடமாக அந்தத் தாள் எங்களிடம் இருக்கிறது. பதினான்கு கையெழுத்துகளையும் படித்து யார் யார் என்று கட்டுரை எழுதியவன் நான். அடிப்பகுதியில் ஒருமுறைகூடக் கண்ணாடியை வைத்துப் பார்த்ததில்லை.

சிந்திய மை தாளில் ஊறிப் பரவும். இவை பரவவில்லை. நடுவில் வெளுத்து, ஓரத்தில் தடித்திருக்கின்றன. அழுத்தி எடுத்தால்தான் அப்படி விழும். தாங்கள் அனுப்பிய ஏழும் அப்படியே இருக்கின்றன. ஒன்பதாவது, இடம் போதாமல் மேலே ஏறி, என் தந்தையின் கையெழுத்து முடியும் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அவர் கையெழுத்தின் மை காயும் முன்பே வைத்தது அது; கோடு விரலோடு இழுபட்டிருக்கிறது. அவர் அங்கே இருந்திருக்கிறார். பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

இன்னொன்று. எனக்கு அப்போது ஏழு வயது. எங்கள் வீட்டில் எட்டுத் தறி. அந்தச் சத்தத்தில்தான் தூங்குவேன், எழுவேன். ஒரு சமயம் ஒவ்வொரு தறியாக நின்றது. கடைசியில் ஒன்றே ஒன்று ஓடியது. என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு அப்பா, "தறிக்கெல்லாம் ஒடம்பு சரியில்லடா" என்றார். நான் நம்பினேன். கோயிலில் விபூதி வாங்கிவந்து எட்டுத் தறிக்கும் பூசிவிட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு வெளியே போனார். அறுபத்தைந்து வருடமாக இதை ஒரு வேடிக்கைக் கதையாகவே எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். தங்கள் கடிதத்தில் இருபத்தொரு நாள் என்று படித்தபோதுதான் அது என்ன காய்ச்சல் என்று தெரிந்தது.

ஆட்சிக்குழுவில் பேசினேன். நீண்ட வாக்குவாதத்துக்குப் பின் ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதல் கைநாட்டுக்குக் கீழே "இது திருமதி சின்னக்கண்ணு அவர்களுடையதாகக் கருதப்படுகிறது" என்று அட்டையில் சேர்க்கலாம். தாங்கள் கேட்டது அதுதானே.

கடைசியாக, சொல்லத் தயங்கும் செய்தி. நூல் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. ஐந்நூறு பிரதிகள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அந்தத் தாள் துடைத்து வைத்தாற்போல் வெள்ளையாக இருக்கிறது. மறுபடி அச்சிடக் குழு சம்மதிக்கவில்லை. வெளியீட்டு விழா நவம்பர் 24.

மன்னிக்கவும் என்று எழுதிப் பார்த்தேன். போதவில்லை.

சிவப்பிரகாசம்


சேவூர்
25-10-2024

ஐயாவுக்கு,

விபூதி பூசின கதையைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. உங்களுக்குப் பொய் சொன்னவர் உங்கள் அப்பா. அதற்கு நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அச்சடித்ததற்குக் கேட்கலாம்.

நீங்கள் கொடுப்பதை நான் வாங்க மாட்டேன்.

ஆகஸ்டு மாதத்தில் கொடுத்திருந்தால் வாங்கியிருப்பேன், மறைக்கவில்லை. அம்மா பெயர் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருப்பேன். ஆனால் முதல் விரல் என் அம்மாவுடையது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. கடவுளே வந்து பார்த்தாலும் தெரியாது, ஏனென்றால் ஒன்பதிலும் ரேகை இல்லை. ரேகை இருந்தால்தான் இது இவளுடையது, அது அவளுடையது என்று பிரிக்கலாம். எல்லாரும் ஒரே வேலை செய்து ஒரே மாதிரி தேய்ந்தவர்கள். ஒருத்தியை மட்டும் கடிதம் எழுதத் தெரிந்த மகள் இருக்கிறாள் என்று தூக்கிப் பெட்டியில் வைத்தால், மற்ற எட்டுப் பேரும் மறுபடி கறை ஆகிவிடுவார்கள். என் அம்மாவே அதற்கு என்னை விடமாட்டாள்.

ஒன்பது பேரில் எனக்குத் தெரிந்த பெயர் ஐந்து. சின்னக்கண்ணு, காத்தாயி, பட்டம்மாள், தனக்கோடி, முனியம்மாள். மீதி நாலு பேரைத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். வரலாறு அன்பினால் எழுதப்படுவதில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அட்டையில் ஐந்து பெயரும், நாலு பேரின் பெயர் தெரியவில்லை என்றும் எழுதுங்கள்.

புத்தகத்துக்கு வருகிறேன். மறுபடி அச்சடிக்க வேண்டாம். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அடியில் வெள்ளையாக இடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடம் எங்களுக்குப் போதும். எங்கள் தெருவில் பிணைக்கிறவர்கள் ஒன்பது பேர் தேறுவோம். விழா அன்று காலையில் வருகிறோம். ஐந்நூறு புத்தகத்திலும் அந்த வெள்ளையில் ஒன்பது கட்டைவிரல் வைத்துவிட்டுப் போகிறோம். அதே விரல் இல்லை. ஆனால் அதே வேலை பார்த்த விரல். கணினிக்குக் கூட வித்தியாசம் தெரியாது.

உங்கள் குழு ஒத்துக்கொள்ளுமா என்று நான் கேட்கவில்லை. எத்தனை மணிக்குக் கதவு திறப்பீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். ஸ்டாம்பு பேடு நாங்களே கொண்டுவருகிறோம்.

அபிதகுசாம்பாள்


ஆரணி
17-11-2024

அம்மா அவர்களுக்கு,

குழு ஒத்துக்கொள்ளவில்லை. ஆறுக்கு ஐந்து. புதிய நூலை மை அப்பிப் பாழாக்குவதா என்று தலைவர் கேட்டார். வெளியூரிலிருந்து வரும் விருந்தினர் என்ன நினைப்பார் என்று இன்னொருவர் கேட்டார். இதை அனுமதித்தால் செயலாளர் பதவியில் நான் தொடர்வது கடினம் என்றும் சொல்லப்பட்டது.

இந்த வாரம் அட்டையை மாற்றிவிட்டேன். தங்கள் வாசகப்படியே, ஐந்து பெயர், நான்கு பெயர் தெரியவில்லை. "மைக்கறை" என்ற சொல்லையும் "சேதமுற்றது" என்ற சொல்லையும் அடித்தேன். அதற்கு யாரையும் கேட்கவில்லை.

விழா காலை பத்தரைக்கு. நூல்கள் பெட்டிகளில் மாடிக் கூடத்தில் இருக்கின்றன. மாடிச் சாவி என்னிடம் இருக்கிறது, 24ஆம் தேதிவரை என்னிடம்தான் இருக்கும். ஏழு மணிக்குத் திறந்திருப்பேன். ஸ்டாம்பு பேடு ஒன்று போதாது. நான்கு வாங்கி வைத்திருக்கிறேன்.

இத்துடன் கழகத்தின் உறுப்பினர் விண்ணப்பப் படிவம் ஒன்றும் அனுப்புகிறேன். விதி 9ஐ மாற்றக் கோரி மனுப்போட்டிருக்கிறேன். தோற்கலாம். படிவம் தங்களிடம் இருக்கட்டும்.

சிவப்பிரகாசம்


சேவூர்
28-11-2024

சிவப்பிரகாசம் ஐயாவுக்கு,

பதவி போய்விட்டது என்று அருள்தாஸ் சொன்னார். "சாரு அட்டைப் பெட்டியில சாமானெல்லாம் எடுத்துகினு போய்ட்டாரு ஆயா" என்றார். அதனால் இதை உங்கள் வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் உங்களோடு நாலு வார்த்தை பேச முடியவில்லை. எங்கள் கை எல்லாம் மை.

முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகம் முடித்தோம். நான் எண்ணினேன். ஒருத்தி பக்கத்தை விரித்துப் பிடிக்க, ஒருத்தி வைக்க, அடுத்தவளுக்கு நகர்த்த, இழை எடுப்பது மாதிரிக் கை போனது. ஒன்பது மணிக்குத் தலைவர் வந்து நின்றார். "இன்னாம்மா இது, புஸ்தகத்த நாசம் பண்ணிகினு இருக்கீங்க?" என்றார். தீபா தலையைத் தூக்காமல், "நாசம் பண்ணலிங்க சார். உட்டுப் போனத எழுதிகினு இருக்கோம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்றாள். அவர் தள்ளித்தான் நின்றார். அதை நீங்கள் பார்த்தீர்கள்.

பத்தரைக்கு வந்த விருந்தாளி அம்மா நாற்பது நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, நானும் வைக்கலாமா என்று கேட்டார். கையை வாங்கிப் பார்த்தேன். ரேகை நன்றாக இருந்தது. உங்களுக்குக் கையெழுத்துத் தெரியும், மேலே பதினான்கு பேருக்குப் பக்கத்தில் போடுங்கள் என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை.

பெயர் ஒன்று கிடைத்தது. விழாவுக்கு வந்த பெரணமல்லூர்க்கார அம்மா ஒருத்தி, தன் மாமியார் சேவூரில் பிறந்தவள், பள்ளிக்கூடத்துக்காகத் தறியை நிறுத்தியதை அடிக்கடி சொல்வாள் என்றார். பெயர் குப்பம்மாள். அந்த அம்மா வீட்டுக்குப் போய் விசாரித்தேன், சரியாக வருகிறது. ஆறு ஆயிற்று. இன்னும் மூன்று.

மீதி நூற்றெண்பத்தெட்டுப் புத்தகத்தையும் வெறும் பக்கத்தோடு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று புதுச் செயலாளருக்கு எழுதிவிட்டேன். வரும் புதன்கிழமை ஒன்பது பேரும் வருகிறோம் என்றும் எழுதியிருக்கிறேன். எழுத்து மூலமாகத்தான். அவர் சாவி தராவிட்டால் படிக்கட்டில் உட்கார்ந்திருப்போம். இருபத்தொரு நாள் ஆனாலும் சரி, எங்களுக்குப் பழக்கம்தான். அன்றைக்கு நீங்களும் வாருங்கள். பக்கத்தை விரித்துப் பிடிக்க ஆள் வேண்டும்.

நீங்கள் அனுப்பிய படிவத்தை நிரப்பி இத்தோடு வைத்திருக்கிறேன். கழகத்தில் சேர்ப்பிப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள். தந்தை அல்லது கணவர் பெயர் என்ற இடத்தை அடித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்.

பெயர்: அபிதகுசாம்பாள்
தாய் பெயர்: சின்னக்கண்ணு
தொழில்: பாவு பிணைத்தல்
கல்வித் தகுதி: ஐந்தாம் வகுப்பு
அதற்கான சான்று: உங்கள் கழகம் வெளியிட்ட புத்தகம், பக்கம் 41, அடிப்பகுதி.

இப்படிக்கு
அபிதகுசாம்பாள்